கோஸ் இலைக்கு மீன் தண்ணீர்

கரி எஞ்சின் ஓடிய காலத்தில் தண்டையார்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் சாம்பல் வேட்டியை எடுப்போம். தயிரைத் திறந்து வைத்தால் மேலே மிளகுப்பொடி தூவினாற்போல இருக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அதை அழுக்கு என்றே நாங்கள் நினைத்ததில்லை. மற்ற ஊரில் மழை பெய்தது, எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் கரியும் சேர்ந்து பெய்தது, அவ்வளவுதான். இப்போது நம் வயசுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், அந்தக் காலத்துக் காற்று மாதிரி வருமா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எந்தக் காற்றைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வாய் வரும். கேட்பதில்லை.

அந்தக் கரிக்கு நடுவில் என் சித்தி ஒரு பருவம் முட்டைகோஸ் வளர்த்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா ரயில்வே யார்டில் ஃபயர்மேன், எஞ்சின் வயிற்றுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. அதன் பிறகு அப்பாவின் அக்கா, என் அத்தை, ராயபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். மாமாவுக்கு ஒரு படகில் பங்கு இருந்தது. அதனால் அத்தை வரும்போது கூடையில் மீன் இல்லாத நாள் கிடையாது. என் தலையை வாரிவிடுவாள். வாருவது என்பதைவிடப் பிடித்து இழுப்பது என்று சொல்லலாம். ஈரும் வரும், கூடவே கண்ணீரும் வரும். தன் வீட்டில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் இங்கே வந்து மாரடிப்பாள்? "தம்பி, இன்னொண்ணு கட்டிக்க. எனுக்கு முடியலடா நைனா" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

மாதா கோயில் சாமியார் மூலமாகத்தான் சித்தி அமைந்தாள். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயன் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டுப் பெண். அவள் அப்பா லயனுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி போட்டிருந்தவர். வயசு தாண்டிப் போனதால் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா, "கொயந்திக்குத் தல வாரிவுட ஒரு ஆள் ஓணும்" என்று சொன்னாராம். சித்தி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். இதை அவளே பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

வந்தவள் ஒரு தகரப் பெட்டியும், முந்தானையில் முடிந்த கோஸ் விதையும் கொண்டுவந்தாள். ஆவணி முடிந்து வெயில் குறையாத நாள் அது. கொல்லைப்புறத்தில் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே நாலு முழ அகலத்தில் மண் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "ஏனுங்க, இங்க கோஸ் வருமுங்களா?" என்று கேட்டாள்.

"கோஸா? கொத்தவால் சாவடிக்குப் போனா மூட்டை மூட்டையா கீது. அதும்மேல இன்னாத்துக்கு?" என்றார் அப்பா. கல்யாணமான புதிதில் அவர் சித்தியிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

சித்தி வந்த பிறகும் வருவதை நிறுத்தாத அத்தை தன் கணக்கைச் சொன்னாள். "ஒரு மயைக்குத் தாங்க மாட்டா. பொட்டியத் தூக்கிகினு மலை ஏறிடுவா, பார்த்துகினே இரு." இதைச் சித்தியின் காதுபடவே சொன்னாள். அம்மாவின் பட்டுப்புடவைகள் இருந்த டிரங்குப் பெட்டிச் சாவியை அத்தை தன் இடுப்பிலேயே வைத்திருந்தாள். அடுப்படியில் எந்த டப்பா எங்கே என்பதும் அத்தை வைத்ததுதான். சித்திக்கு அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல ஒரு கரண்டிகூட இல்லை. கோஸ் மேல் அவள் ஏன் அப்படிக் குறியாக இருந்தாள் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

ஆப்பிள் வந்த மரப்பெட்டியில் நாற்று விட்டாள். ஐப்பசி மழை வெளுத்து வாங்கியபோது பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கார்த்திகையில் மழை விட்டதும் பாத்தியில் நட்டாள். அத்தை சொன்ன மழை போய்விட்டது, சித்தி போகவில்லை. ஆனால் செடிதான் தேறவில்லை. இலை வெளிறி, ஓரம் சுருண்டு, நீளக் காம்போடு கொக்கு மாதிரி ஒல்லியாக நின்றது. இலைமேல் எந்நேரமும் கரித்தூள். சித்தி தினமும் காலையில் ஒரு பழந்துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். பக்கத்துவீட்டுப் போர்ட்டர் மனைவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாமே, கோஸுக்கு மூஞ்சி கயுவிவுட்டுகினு கீறே? பவுடரும் போட்டுவுடு" என்பாள். சித்தி அதற்கும் சிரிப்பாள்.

பாத்தியின் ஓரத்தில் எங்கள் கறிவேப்பிலைச் செடி இருந்தது. அதற்கு யாரும் எதுவும் செய்ததில்லை. அத்தை மீன் கழுவின தண்ணீரை அதன் அடியில் கொட்டுவாள், அவ்வளவுதான். அது மட்டும் கருகருவென்று தழைத்து நின்றது. சித்தி அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மலையில் தோட்டங்களுக்கு உரமாகக் கருவாட்டுத் தூள் மூட்டை மூட்டையாகக் கீழேயிருந்து வருமாம். அவள் அப்பா சாணித் தண்ணீரை வடிகட்டி கோஸ் இலைமேல் தெளிப்பாராம். வேர் எடுத்துக்கொள்ள நாளாகும், இலைக்குக் கொடுத்தால் உடனே எடுத்துக்கொள்ளும் என்பாராம். இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறாள்.

"அண்ணி, மீன் அரிஞ்ச கழிவ வீசாம எனக்குத் தர்றீங்களா?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"கொடலு செவுளா? பூனைதான் கேக்கும், நீ கேக்கறியே" என்றாள் அத்தை. ஆனால் கொடுத்தாள். ஒரு பிடி மீன் கழிவுக்கு ஒரு பிடி வெல்லம் என்று பீங்கான் ஊறுகாய் ஜாடியில் மாற்றி மாற்றிப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சுவரோரம் நிழலில் வைத்தாள் சித்தி. நாள் ஆக ஆக அது கரைந்து, தேன் நிறத்தில் சாறு மேலே நின்றது.

தெளிக்க என்ன செய்வது? வேப்பங்கொத்தை முக்கி உதறிப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்ததே தவிர இலையில் படியவில்லை. வீட்டில் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற கைப்பம்பு ஒன்று இருந்தது. சைக்கிள் பம்பு மாதிரி ஒரு குழாய், அதன் முனையில் தகர டப்பா. குவார்ட்டர்ஸில் அது இல்லாத வீடு கிடையாது. இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. அதைப் புளி போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, மறுபடி தேய்த்தாள். மருந்து வாடை போக வெகுநாள் பிடித்தது. முதல் தடவை சாற்றைக் கெட்டியாக அடித்துவிட்டாள். ஒரு செடியின் இலையெல்லாம் தீய்ந்தது. அதன் பிறகு ஒரு கரண்டிச் சாற்றுக்கு ஒரு குடம் தண்ணீர் விட்டாள். காலையில் கரியைக் கழுவி விடுவாள். வெயில் இறங்கியதும் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிப்பாள். சனிக்கிழமைதோறும் இது நடக்கும். குடத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

இங்கேதான் சங்கதி. ஜாடியைத் திறந்து சாற்றைப் பழைய வேட்டித் துணியில் வடிக்கும்போது சித்திக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். சாக்கடைப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி வடிப்பாள். எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஏனென்றால் எனக்கு அந்த ஜாடியில் எந்த நாற்றமும் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. "வெல்லப்பாகு வாசனை அடிக்கிது" என்றாள் அத்தை. மீன் கூடைக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்ந்த எங்களுக்கு மீன் நாற்றம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது.

ஆகவே சித்தி வாந்தி எடுப்பதை அத்தை பார்த்தபோது, அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

"தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்பவுமே அப்பிடித்தானுங்க அண்ணி. ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும். இது அந்தத் தண்ணி நாத்தமுங்க."

"நாத்தமா? இன்னா நாத்தம்? நாலு பெத்தவளுக்கு நீ சொல்லித் தர்றியா?" அத்தைக்கு முகமெல்லாம் பல். "வெக்கப்படறாடா தம்பி! வூட்ல கொயந்தை வரப் போவுது!"

நான் ஒரு நியாயம் கேட்டேன். "அத்தே, மசக்கை சனிக்கெயமை மட்டுமா வரும்?" மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அத்தோடு என் சாட்சியம் முடிந்தது.

சித்தி மறுபடியும் சொன்னாள், அப்பாவிடமும் சொன்னாள். "அதெல்லாம் இல்லீங்க" என்று அவள் எத்தனை தடவை சொன்னாளோ அத்தனை தடவையும் அடக்கம் என்று பெயர் வாங்கினாள். ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை ஒரு தெருவே சேர்ந்து நம்பாமல் இருந்தது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பிரியம்தான். அதனால்தான் அவளால் எதிர்த்து நிற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா டூட்டி முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தார். கரி படிந்த கையைக் கழுவுவதற்கு முன்னாலேயே, "சாப்ட்டியா?" என்று சித்தியைக் கேட்டார். தெருக் குழாயில் குடம் பிடிக்க அவரே வரிசையில் நின்றார். ஆம்பளை குடம் தூக்குகிறான் என்று தெருவே சிரித்தது, அவருக்கு உறைக்கவில்லை. நார்த்தங்காய் வாங்கி வந்தார், ஆரஞ்சு வாங்கி வந்தார். ஒருநாள் சித்தியின் மலை ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல, வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். டிரங்கைத் திறந்து என் அம்மாவின் மாம்பழக் கலர் பட்டை எடுத்துச் சித்தியின் மடியில் வைத்தாள். "நீயே வெச்சிக்கமே. இனிமே இது ஒன் வூடு" என்றாள். சித்தி அந்தப் புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் இல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தாள். பெரியவர்கள் அதை வேறு விதமாகப் பின்னால் பேசினார்கள். ஏமாற்றிவிட்டாள் என்று போர்ட்டர் மனைவி ஒரு சமயம் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் கொடுக்காமல் இருந்த மரியாதையைத் திடீரென்று எல்லோரும் கொடுக்கும்போது, விலாசம் தப்பு என்று எத்தனை தடவைதான் திருப்பி அனுப்ப முடியும்?

இதற்கிடையில் கோஸ் தேறிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனியும் உதவியிருக்கும். இலை தடித்து, நீலம் பாய்ந்த பச்சையாகி, நடுவில் ஒன்றையொன்று மூடிக்கொண்டு உருண்டை பிடிக்க ஆரம்பித்தது. சித்தி விரலால் அமுக்கிப் பார்ப்பாள். முதலில் பஞ்சு மாதிரி இருந்தது, பிறகு பந்து மாதிரி ஆயிற்று. மீன் சாறுதான் காரணம் என்று குவார்ட்டர்ஸே பேசியது. தினமும் கரியைக் கழுவியதுதான் பாதிக் காரணமோ என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் யாரும் இல்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில், சித்தி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்ததை அத்தை பார்த்துவிட்டாள். எதைத் துவைத்தாள் என்று நான் சொல்ல வேண்டாம். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, கலைஞ்சி போச்சே! என் தம்பி வம்சம் கலைஞ்சி போச்சே!"

"அண்ணி, கலையறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் மொதல்லயே சொன்னேனுங்களே" என்றாள் சித்தி.

அதைக் கேட்க அங்கே யாருக்குக் காது இருந்தது? பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ கஷாயம் கொண்டுவந்தார்கள். அத்தை ஒப்பாரி வைக்காத குறை. "ஞானஸ்நானம்கூட வாங்காத போச்சே எங்கண்ணு" என்று இல்லாத பிள்ளையின் ஆத்துமாவுக்காக அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை. அவள் கண் வீங்கியதை நான் பார்த்தேன்.

மத்தியானம் அப்பா வந்தார். தலையில் கட்டின துண்டை அவிழ்க்கவில்லை, முகமெல்லாம் கரி. அத்தை வாசலிலேயே சொல்லிவிட்டாள். "அந்தப் பம்பை அடிச்சி அடிச்சியே கலைச்சிட்டாடா. கோஸ் ஓணுமாம் கோஸு! குனிஞ்சி நிமிந்து, குனிஞ்சி நிமிந்து..."

அப்பா நேரே கொல்லைப்புறம் போனார். முதல் செடியைப் பிடித்து இழுத்தார். வேரோடும் மண்ணோடும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்ததற்குக் குனிந்தார். நான் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா அழுவதை அன்றுதான் பார்த்தேன். அம்மா போனபோதுகூட அவர் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சித்தி ஓடி வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவர் கைக்கும் செடிக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்தாள்.

"இல்லாத புள்ளைக்காக இருக்கறதப் புடுங்காதீங்க" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் கையில் இருந்த கோஸைக் கொண்டுபோய் அடுப்படி வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்று சாயங்காலம் சித்தி அதை அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வதக்கினாள். இனிப்பாக இருந்தது. அத்தை தொடவில்லை.

மறுநாள் மாம்பழக் கலர் பட்டைச் சித்தி மடித்து அத்தையிடம் கொடுத்தாள். அத்தை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

மீதிக் கோஸ்கள் நன்றாகவே விளைந்தன. வீட்டுக்கு ஒன்று என்று சித்தி தெருவுக்கே கொடுத்தாள். அடுத்த வருஷம் போர்ட்டர் வீட்டில் ஒரு ஜாடி வைத்தார்கள், ரயில் கார்டு வீட்டில் ஒரு ஜாடி வைத்தார்கள். கத்தரிக்கு அடித்தார்கள், ரோஜாவுக்கு அடித்தார்கள். அத்தைகூடத் தன் வீட்டு மிளகாய்ச் செடிக்கு வாங்கிக்கொண்டு போனாள். எங்கள் பாத்தியில் சித்தி மறுபடியும் கோஸ் போட்டாள். ஆனால் பம்பைத் தொட அப்பா அவளை விடவில்லை. சனிக்கிழமை டூட்டி முடிந்து வந்து, கரிச் சட்டையோடு அவரே ஜாடியைத் திறந்து, வடித்து, இலையின் அடிப்பக்கம் பார்த்து அடிப்பார். தவறாமல் வருஷா வருஷம் அடித்தார். கலைந்ததா இல்லையா என்பதில் அவர் என்ன நம்பினார் என்று கடைசிவரை வாய் திறந்து சொல்லவில்லை. பம்பை அவர் பிடித்த விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மலையைப் பற்றி அவர் சித்தியிடம் அப்புறம் கேட்கவில்லை.

சித்திக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அத்தை அந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டுக்குப் போகும்போது, என் அம்மாவின் கல்லறையில் பெரிய மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு சின்ன மெழுகுவர்த்தியும் ஏற்றுவாள். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. சித்தி பக்கத்திலேயே நிற்பாள். அவன் இருந்திருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போவான், இப்போது மீசை முளைத்திருக்கும் என்று அத்தை திரும்பி வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவாள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம், அத்தை கால் வீங்கிப் படுத்துவிட்டாள். நானும் சித்தியும் மட்டும் போனோம். அம்மாவுக்கு ஏற்றி முடித்ததும் சித்தி பையிலிருந்து சின்ன மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்தாள்.

"அத்தைதான் வரலியே சித்தி. இது எதுக்கு?" என்றேன். "இல்லாதவனுக்கு எதுக்கு? எல்லாரையும்விட ஒனக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குங் கண்ணு தெரியும்?" என்றாள். கடல் காற்றில் தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவதைக் கையால் மறைத்துப் பற்றவைத்தாள். "ஒரு மாசம் அந்த ஊட்ல நான் நல்லா இருந்தேன். உங்கப்பா எங்கிட்டப் பேசுனாரு. அது அவனாலதானே."

திரி நின்று எரிந்ததும் அவனுக்காக மாதாவிடம் ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.